கணினி வரைகலைப் பட்டம் என்று சொல்லி எங்களுக்கு விற்றது என்ன?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை மின்கம்பங்களில் தட்டிகள் முளைக்கும். அவற்றில் அனிமேஷன், விஎஃப்எக்ஸ், கேம் டிசைன் ஆகிய சொற்களோடு ‘மூன்றாண்டுப் பட்டப்படிப்பு’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் அக்கா மகனை 2024 ஜூன் மாதத்தில் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்று அவர்கள் சொன்ன படிப்பில், நானே அழைத்துச்சென்று சேர்த்தேன். அவனுக்கு ஓராண்டும் எனக்கு 1,23,800 ரூபாயும் போயின. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் தெருவையும் எழுதவில்லை. நடந்த முறையை மட்டும் எழுதுகிறேன்.

நான் பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கல்லூரி விளம்பரத் துண்டறிக்கை என்று எல்லாம் என் கையில்தான் வடிவம் பெறும். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் நான் ஒருவன் என்பதால், துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் அக்காவின் கணவரும் அக்காவும் பையனின் படிப்பை முழுக்க என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஏமாந்தது நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் என்னை நம்பியதைத் தவிர வேறு தவறு செய்யவில்லை.

அந்த நிறுவனத்தின் துண்டறிக்கை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ‘பட்டப்படிப்பு’ என்ற சொல் ஏறத்தாழ 36 பாயிண்டில், அதன் தோளில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்குரிய விளக்கம் பின்பக்கத்தின் அடியில், நீலப் பின்னணியின்மேல் சாம்பல் எழுத்தில், 5 பாயிண்டுக்கு மேல் போகாது: பட்டச் சான்றிதழ் இணைப்புப் பல்கலைக்கழகத்தின் விதிகளுக்கு உட்பட்டது, நிறுவனம் அதற்குப் பொறுப்பல்ல. வலது மூலையில் வேறொரு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகத்தின் முத்திரை. ஒரு முத்திரையை இணையத்திலிருந்து எடுத்து மூலையில் பொருத்துவது எனக்கு ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளர் கேட்டால் நட்சத்திரக் குறியின் விளக்கத்தை இன்னும் சிறிதாக்கித் தருபவனும் நான்தான். அப்படியிருந்தும், இந்தத் தாளையும் என்னைப் போல ஒருவன் யாரோ சொன்னபடி செய்து கொடுத்திருப்பான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சேர்க்கைக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. கல்விக்கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, மேலாளர் இரண்டு தாள்கள் கேட்டார்: பல்கலைக்கழகம் அந்த நிறுவனத்துக்கு அளித்த இணைப்பு ஆணை, பல்கலைக்கழக முத்திரையுடன் கூடிய கட்டண விவரம். நிறுவனத்தில் சேர்க்கை ஆலோசகராக இருந்த பெண் சிரித்துக்கொண்டே, “பேங்க்ல அலையவிடுவாங்க சார், நாங்களே லோன் போட்டுத் தர்றோம்” என்றார். ஆதார், பான் அட்டை, கைப்பேசியில் ஒரு படம், அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து 80,000 ரூபாய் கடன் ஏற்பாடாகி, நேரே பயிற்சி நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விட்டது. கையிலிருந்து கட்டிய 35,000 தனி. வட்டியே இல்லை என்றார்கள். மாதம் 7,400 ரூபாய் வீதம் 12 தவணை என்பதைப் பெருக்கிப் பார்த்தால் 88,800 வருகிறது. வங்கிக்குத் தேவைப்பட்ட அந்த இரண்டு தாள்களும் அவர்களிடம் இல்லாததால்தான் கடன் இவ்வளவு வேகமாக வேறு வழியில் வந்தது என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

வகுப்பறையில் இருபது கணினிகள் இருந்தன. பதினொன்று வேலை செய்தன. உரிமம் வாங்காத மென்பொருள் என்பதால், திறப்பதற்கு முன் இணைய வயரைப் பிடுங்கிவிடும்படி முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்களாம். அந்த மென்பொருள்களை உருவாக்கும் நிறுவனங்களில் சில, மாணவர்களுக்கு இலவசக் கல்வி உரிமம் தருகின்றன. அதைப் பெறுவதற்குக் கல்வி நிறுவனம் என்ற ஆதாரம் வேண்டும் என்பதால் இவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பையன் ஒரு நாள் இரவு சாப்பிடும்போது சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. மாயா என்ற முப்பரிமாண மென்பொருளில் ஓர் உருண்டைக்குப் பொருள்தன்மை (அதன் பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்பது) கொடுக்கும்போது லாம்பர்ட், பிளின், ஃபாங் என்று பட்டியல் வருகிறது. அவை என்ன என்று கேட்டிருக்கிறான். “பளபளப்பு வேணும்னா ஃபாங், வேணாம்னா லாம்பர்ட், அவ்ளோதான்” என்று பதில் வந்திருக்கிறது. “மாமா, இதுக்கு மூணு வருஷம் எதுக்கு?” என்று கேட்டான். பொறுமையாகப் படி என்று அறிவுரை சொன்னேன். அவன் கேட்ட கேள்விதான் இந்தத் துறையின் வாசல் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இப்போது ஓர் அரசுக் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கும் அவன் எனக்கு விளக்கியது இது. அந்தப் பட்டியலில் இருப்பவை மனிதர்களின் பெயர்கள். லாம்பர்ட் என்பவர் 1760-இல் ஒளியை அளப்பது பற்றி நூல் வெளியிட்ட கணித அறிஞர். ஒளி வரும் திசைக்கும் பரப்பின் செங்குத்துக்கும் இடையிலான கோணத்தின் கொசைனைப் பொறுத்து வெளிச்சம் அமைகிறது என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. ஃபாங் வியட்நாமில் பிறந்து, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1973-இல் முனைவர் பட்ட ஆய்வை முடித்தவர். எதிரொளிக்கும் கதிருக்கும் நம் பார்வைக்கும் இடையிலான கோணத்தின் கொசைனை ஓர் அடுக்குக்கு உயர்த்தினால் பளபளப்பு வந்துவிடும், அடுக்கு கூடக்கூட அந்த வெள்ளைப் புள்ளி சிறுத்துக் கூர்மையாகும் என்று காட்டியவர். இதற்குத் தேவையான வெக்டர் புள்ளிப் பெருக்கல் மேல்நிலைக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பையனுக்கு அதைப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் இளங்கலை மட்டத்தில் கணினி வரைகலை படிப்பது என்றால், ஏறக்குறைய இந்தப் பாதையில்தான் போக வேண்டியிருக்கிறது. அணிகளால் (மேட்ரிக்ஸ்) ஓர் உருவத்தைச் சுழற்றுவதும் நகர்த்துவதும், ஐபிஎம்மில் வேலை பார்த்த பிரெசன்ஹாம் 1965-இல் வெளியிட்ட, முழு எண் கூட்டலைக்கொண்டே திரையில் கோடு போடும் முறை, எது முன்னால் எது பின்னால் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஆழத்தைச் சேமித்து முடிவு செய்யும் இசட்-பஃபர், பெசியர் வளைவு என்று அது விரிகிறது. கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகையின் கொடிகளை வளைக்க நான் தினமும் பிடித்து இழுக்கும் கைப்பிடிகளுக்குப் பின்னால், ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பெசியரின் கணக்கு இருக்கிறது என்று இருபத்திரண்டு ஆண்டு வேலைக்குப் பிறகு என் மருமகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நிறுவனம் முதலாண்டில் இவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மென்பொருளில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதுதான் பாடம். அதுவும் ஒரு தொழில்தான், அதை ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி என்று நேர்மையாகச் சொல்லி நடத்துபவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பட்டம் என்ற பெயரை ஒட்டி, மூன்றாண்டுக்கான விலையை வைத்ததுதான் குற்றம்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது என்றால், ஓர் எண்ணிலிருந்து. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பையன் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன். உடன் படித்த நண்பர்கள் தங்கள் யுமிஸ் எண்ணை (உயர்கல்வி மாணவர்களுக்கான அரசின் அடையாள எண்) சொல்லி, அவனுடையது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நிறுவனத்தில் கேட்டால், அடுத்த மாதம் வரும், அதற்கடுத்த மாதம் வரும் என்று இழுத்தார்கள். வரவே வராது, தமிழ்நாட்டில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் மாணவருக்குத்தான் அந்த எண் கிடைக்கும். திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயிலில் போய்வர மாணவர் சலுகை சீசன் டிக்கெட்டுக்குப் படிவம் கேட்டபோதும் இதே கதை.

டிசம்பரில் பல்கலைக்கழகத் தேர்வு நடக்கவில்லை. நிறுவனமே ஒரு தேர்வு வைத்து, பளபளக்கும் ஹாலோகிராம் ஒட்டிய மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தது. அதை அச்சகத்துக்கு எடுத்துப்போய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முத்திரையின் ஓரங்கள் படிக்கட்டுபோல உடைந்திருந்தன. இணையத்திலிருந்து எடுத்த சிறிய படத்தைப் பெரிதாக்கி அச்சடித்தால் அப்படித்தான் வரும். அன்றிரவே பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்குக் கடிதம் எழுதி, மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மார்ச் மாதம் பதில் வந்தது: சென்னையில் தங்களுக்கு எந்த மையமும் இல்லை, குறிப்பிட்ட பதிவு எண் தங்கள் ஆவணங்களில் இல்லை.

அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம், 1956, பிரிவு 22-இன்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் சிறப்பாக அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். மீறினால் பிரிவு 24-இன்படி அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. எங்கள் ஒரு மாதத் தவணையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்த முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005-இல் யஷ்பால் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. தொலைநிலைப் படிப்பைத் தனியாரிடம் கிளைபோல ஒப்படைத்து நடத்துவதையும் மானியக் குழு தடை செய்திருக்கிறது. ஆகவே அந்தப் பல்கலைக்கழகம் உண்மையிலேயே இவர்களோடு ஒப்பந்தம் செய்திருந்தாலும் எங்களுக்குப் பயன் இருந்திருக்காது.

விலக முடிவு செய்தபோது இன்னொரு சிக்கல். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் அசலும் மாற்றுச் சான்றிதழும் அவர்களிடம் இருந்தன; மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் திருப்பித் தருவோம் என்றார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை ஒரு பயிற்சி மையத்துக்கு எங்கிருந்து வரும்? காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக் காட்டிய நான்காம் நாள் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. கடன் மட்டும் என் பெயரிலேயே நின்றது. படிப்பு நின்றாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் கெடும் என்பதால் பன்னிரண்டையும் கட்டி முடித்தேன்.

சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2025-இல் புகார் அளித்தோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். கல்வி என்பது நுகர்வோர் சட்டத்தின்படி சேவை ஆகாது என்று எதிர்த்தரப்பு வாதிடுகிறது. பல்கலைக்கழக இணைப்பும் பல் மருத்துவ மன்றத்தின் அங்கீகாரமும் இருப்பதுபோல விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2009-இல் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்ததை நாங்கள் எடுத்து வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு சேர்க்கைக்குப் போகிறவர்கள், பட்டத்தை வழங்குவது யார் என்பதை அந்த நிறுவனத்தின் வாயால் கேட்காமல், பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள இணைப்புக் கல்லூரிப் பட்டியலில் பாருங்கள். தொலைநிலை அல்லது இணையவழிப் படிப்பு என்றால் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். மாணவர் தன் பெயரில் டெப் ஐடி (அந்தப் பிரிவின் தளத்தில் பெறும் அடையாள எண்) உருவாக்காமல் இப்போது சேரவும் முடியாது. பி.சி.ஏ. என்று பெயர் வைத்திருந்தால் 2024-25 கல்வியாண்டிலிருந்து அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) ஒப்புதலும் வேண்டும். கலையும் கணினியும் சேர்ந்த படிப்புதான் வேண்டும் என்றால், 1850-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியும், அனிமேஷனை இளங்கலைப் பட்டமாக நடத்தும் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனமும் வடசென்னையிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன. எங்கள் பையன் மாலையில் அச்சகத்துக்கு வந்து, என் கணினியிலேயே பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைப் பழகுகிறான். 2002 முதல் அது கட்டற்ற மென்பொருள், ஒரு ரூபாய் செலவில்லை, வயரையும் பிடுங்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் அந்தக் கட்டட வாசலில் புதிய தட்டி கட்டியிருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மாறியிருக்கிறது, நட்சத்திரக் குறி அதே இடத்தில் இருக்கிறது. எங்களோடு சேர்ந்து இப்போது மூன்று குடும்பங்கள் வழக்கில் இருக்கின்றன. ஒரே குறை உள்ள பலர், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகவும் தாக்கல் செய்யலாம். 2024-இலோ 2025-இலோ இதே போன்ற ஹாலோகிராம் மதிப்பெண் பட்டியல் வாங்கியவர்கள், கட்டண ரசீது, கடன் ஒப்பந்தம், துண்டறிக்கை மூன்றையும் எறிந்துவிடாமல் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்புங்கள்.