முதல் கொலோனோஸ்கோபி பயம்: முழு மயக்கமா, அரை மயக்கமா, முழிச்சிட்டே பண்ணிக்கலாமா?

எனக்கு கொலோனோஸ்கோபி (ஸ்கோப்ங்கற கேமரா குழாயை ஆசனவாய் வழியா விட்டு பெருங்குடலைப் பார்க்கற டெஸ்ட்) எழுதிக் குடுத்த நாளுக்கும் டெஸ்ட் தேதிக்கும் நடுவுல பதினோரு நாள் இருந்துச்சு, அந்த பதினோரு நாளும் ராத்திரி ரெண்டு மணிக்கு டக்குன்னு முழிப்பு வந்துடும். வலிக்குமான்னு கூட இல்ல, மயக்க மருந்து போட்டா திரும்ப எந்திரிப்பேனா அப்படிங்கற ஒரே கேள்விதான். என் அக்காவுக்கு இதே டெஸ்ட் எனக்கு மூணு மாசம் முன்னாடி நடந்துச்சு, அவளுக்கு இருந்த பயம் இதுக்கு நேர் எதிர். "மருந்து சரியா ஏறாம நடுவுல முழிச்சிட்டா என்னடி பண்றது, எல்லாத்தையும் உணர்ந்துட்டே படுத்திருக்கணுமே"ன்னு போன்ல அழுதா. ஒரே டெஸ்ட், ஒரே வீட்டு ஆளுங்க, ஆனா அவ எதை வேணும்னு கேட்டாளோ அதுதான் எனக்கு கனவுல வந்து பயமுறுத்துது. அதனால "எந்த மயக்கம் நல்லது"ன்னு யாராவது கேட்டா நான் முதல்ல திருப்பிக் கேக்கறது, உங்களுக்கு பயம் எது மேல, தூங்கிப் போறது மேலயா, தூங்காம இருக்கறது மேலயா. இதை பிரிச்சுப் பார்க்காம "ரொம்ப பயமா இருக்கு, அதனால ரொம்ப ஸ்ட்ராங்கா குடுங்க"ன்னு கேக்கறது எல்லாருக்கும் பொருந்தாது, என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஸ்ட்ராங்னு கேட்டாலே பயம் ஏறும்.

முதல்ல அக்கா எடுத்துக்கிட்டது. முழு மயக்கம்னு பேச்சுவழக்குல சொல்றது பெரும்பாலும் ப்ரோபோஃபால்ங்கற மருந்து. பார்க்க பால் மாதிரி வெள்ளையா இருக்கும், ஏன்னா அது தண்ணில கரையாது, சோயா எண்ணெயும் முட்டைல இருந்து எடுக்கற லெசித்தினும் சேர்த்து கலக்கி வெச்சிருக்காங்க (முட்டை, சோயா அலர்ஜி இருக்கறவங்க முன்னாடியே சொல்லிடுங்க, பெரும்பாலும் பிரச்சனை இல்லன்னு தான் சொல்வாங்க ஆனா அவங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்). நரம்புல ஏறி ஒரு நிமிஷம் கூட ஆகாது, ஆள் தூங்கிடுவாங்க. ஏறும்போது கை நரம்பு சுருசுருன்னு எரியலாம், இதை அக்காகிட்ட யாரும் முன்கூட்டியே சொல்லல, அதனால அந்த சில செகண்ட் ஏதோ தப்பா ஆயிடுச்சுன்னு நினைச்சு நடுங்கிப் போயிட்டா. அவளுக்கு அந்த மொத்த நாள்ல மிச்சம் இருக்கற கெட்ட ஞாபகம் அது ஒண்ணுதான். அதுக்கப்புறம் கண்ணு முழிச்சா டெஸ்ட் முடிஞ்சிருக்கு. மருந்தை நிறுத்தினா சாதாரணமா 5ல இருந்து 10 நிமிஷத்துல முழிப்பு வந்துடும், மந்தமும் மத்த மருந்தை விட சீக்கிரம் தெளியும். நடுவுல முழிச்சிடுவேனோங்கற பயம், கூச்சம், வலி பயம் இதெல்லாம் தான் பெருசுன்னா இதை விட பொருத்தமானது இல்ல.

ஆனா எனக்கு இதுல இடிச்ச விஷயம் ஒண்ணு இருந்துச்சு. ப்ரோபோஃபாலோட வேலையை முறிச்சு ஆளை எழுப்பற மாத்து மருந்து கிடையாது. அதிகமாப் போனா மூச்சு குறையலாம், பிபி இறங்கலாம், அப்ப மருந்தை நிறுத்தி ஆக்சிஜன் குடுத்து உடம்பு அதை வெளியேத்தற வரைக்கும் மூச்சைப் பார்த்துக்கணும். அது வேகமா நடக்கும்ங்கறதுதான் இந்த மருந்தோட பலமே, அதே சமயம் பக்கத்துல அதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆள் இருந்தே ஆகணும். அதனால இதை எடுக்கறவங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "ஸ்கோப் பண்றவங்க வேலையைப் பார்க்கும்போது என் மூச்சை மட்டும் பார்த்துக்க தனியா ஒருத்தர் இருப்பாங்களா?" இருப்பாங்கன்னு பதில் வந்தா பாதி பயம் அங்கயே இறங்கிடும். இன்னொண்ணு, இது பெரிய ஆபரேஷனுக்கு குடுக்கற மயக்கம் மாதிரி தொண்டைல குழாய் வெச்சு மெஷின் மூச்சு விட வைக்கறது இல்ல, வழக்கமா நீங்களே தான் மூச்சு விடுவீங்க. இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டே பயந்துட்டு இருந்தேன்.

அடுத்தது அரை மயக்கம், நான் எடுத்தது. மிடாசோலம்னு ஒரு மருந்து, கூடவே வலிக்கு ஃபென்டனில், ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. கூப்பிட்டா பதில் சொல்வீங்க, "இடது பக்கம் திரும்புங்க"ன்னா திரும்புவீங்க, ஆனா மனசுல ஒரு அலட்டல் இருக்காது. மிடாசோலத்தோட விசேஷம் மறதி, அந்த நேரத்துல நடந்தது நிறைய பேருக்கு ஞாபகமே இருக்காது, அதனாலதான் "நான் முழுசா தூங்கிட்டேன்"னு சொல்றவங்க சிலர் உண்மைல பேசிக்கிட்டு இருந்தவங்களா இருப்பாங்க. எனக்கு மனசை மாத்தினது இது இல்ல. இந்த ரெண்டு மருந்துக்கும் மாத்து மருந்து இருக்கு, மிடாசோலத்துக்கு ஃப்ளூமசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்ஸோன், ரெண்டையும் ரூம்ல கைக்கு எட்டற இடத்துல வெச்சிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எந்திரிக்க மாட்டேனோன்னு பயப்படறவளுக்கு எழுப்ப ஒரு வழி இருக்குன்னு தெரியறது எவ்ளோ பெரிய ஆறுதல்னு அந்த பயம் இருக்கறவங்களுக்குத்தான் புரியும்.

இதோட குறையையும் சொல்லிடறேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, சிலருக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும், சிலருக்கு குடல் வளையற இடத்துல வலி தெரியும். எனக்கு ஸ்க்ரீன்ல இளஞ்சிவப்பா ஒரு சுரங்கம் மாதிரி தெரிஞ்சதும், ஒரே ஒரு தடவை பீரியட்ஸ் வலி மாதிரி இழுத்துப் பிடிச்சதும், நர்ஸ் வயித்தை அமுக்கினதும் ஞாபகம் இருக்கு, மத்தது துண்டு துண்டா தான். வலி வந்தப்ப "வலிக்குது"ன்னேன், உடனே நிறுத்தினாங்க, கொஞ்சம் மருந்து சேர்த்தாங்க, ஒரு நிமிஷத்துல அடங்கிடுச்சு. என் அக்கா இடத்துல இருந்திருந்தா இதே அனுபவம் அவளுக்கு கொடுமையா இருந்திருக்கும், எனக்கோ நான் சொன்னா நிறுத்துவாங்கங்கறதே தைரியமா இருந்துச்சு. அப்புறம் மந்தம், அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் தலை பஞ்சு மாதிரி இருந்துச்சு, அக்கா மதியமே தெளிவா பேசிட்டு இருந்தா.

மூணாவது, மருந்தே இல்லாம. இதை சொன்னா பைத்தியமான்னு பார்க்கறாங்க ஆனா நார்வே, பின்லாந்து மாதிரி நாடுகள்ல மயக்கம் இல்லாம பண்ணிக்கறது சர்வ சாதாரணம். இதுக்கு ஒரு காரணம் புரிஞ்சா பயம் குறையும்: பெருங்குடலோட உள்தோலுக்கு வெட்டற வலி தெரியாது, பாலிப் (குடலோட உள்பக்கம் வளர்ற சின்ன சதை) எடுத்தாலும் பயாப்ஸிக்கு (லேப்ல பார்க்க) துண்டு எடுத்தாலும் உங்களுக்கு உணர்வே இருக்காது. வலி வர்றது குடல் விரியறதால, அதுவும் முக்கியமா ஆரம்பத்துல இருக்கற எஸ் மாதிரி வளைவுல ஸ்கோப் சுருண்டு இழுக்கும்போது. அதனால குடலை விரிக்க காத்துக்கு பதிலா கார்பன் டை ஆக்சைடு விடறாங்களான்னு கேளுங்க, அது உடம்பு சீக்கிரம் உறிஞ்சி மூச்சு வழியா வெளிய விட்டுடும், வயிறு உப்பி வலிக்கறது நல்லாவே குறையும், மயக்கம் எடுத்துக்கறவங்களுக்கும் இது நல்லது. உள்ள போகும்போது தண்ணி விட்டுப் போற முறையும் வலியை குறைக்கும். சில நாடுகள்ல நைட்ரஸ் ஆக்சைடு கலந்த வாயுவை நீங்களே மாஸ்க்ல இழுத்துக்கலாம், நிறுத்தின சில நிமிஷத்துல தெளிஞ்சிடும்.

மருந்தே இல்லாதது யாருக்குன்னா, கட்டுப்பாடு கை விட்டுப் போறதுதான் தாங்க முடியாதுங்கறவங்களுக்கு, கூட வந்து கூட்டிட்டுப் போக ஆள் இல்லாதவங்களுக்கு, அன்னிக்கே வண்டி ஓட்டணும்ங்கறவங்களுக்கு. கர்ப்பப்பை எடுத்தவங்க, ரொம்ப ஒல்லியா இருக்கற பெண்கள் இவங்களுக்கு வலி கொஞ்சம் கூடுதலா இருக்க வாய்ப்பு இருக்கு, அவங்க யோசிச்சு முடிவெடுக்கறது நல்லது. ஆனா என் மனசுக்கு ரொம்ப பிடிச்சது இதுக்கும் அரை மயக்கத்துக்கும் நடுவுல இருக்கற ஒரு வழி, கைல ஊசி மட்டும் குத்தி வெச்சுட்டு மருந்து ஏத்தாம ஆரம்பிங்க, தாங்கலன்னா சொல்றேன் அப்ப குடுங்கன்னு முன்னாடியே பேசிக்கறது. எல்லா இடத்துலயும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா கேட்டுப் பார்க்கறதுல தப்பே இல்ல. இன்னொரு தடவை எனக்கு வந்தா நான் இதைத்தான் கேப்பேன்.

எதை எடுத்தாலும் சில விஷயங்களை மறைக்கவே கூடாது. தூக்கத்துல குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வர்ற பிரச்சனை, தினமும் போடற தூக்க மாத்திரை, பதட்டத்துக்கான மாத்திரை, குடிப்பழக்கம், கஞ்சா, ரத்தம் உறையாம இருக்க போடற மாத்திரை, சுகர் மருந்து, எடை குறைக்க வாரா வாரம் போடற ஊசி. இதுல சிலது மயக்க மருந்தோட அளவை மாத்தும், சிலது மயக்கத்தோட பாதுகாப்பையோ டெஸ்டோட பாதுகாப்பையோ மாத்தும். பயத்துக்காக வீட்ல இருந்த ஒரு மாத்திரையை நீங்களா போட்டுட்டு போறது மட்டும் வேண்டவே வேண்டாம், அது மேல மயக்க மருந்தும் சேர்ந்தா மூச்சு குறையும். வேணும்னா டாக்டர்கிட்டயே கேளுங்க, பதட்டத்துக்கு மாத்திரை வேணும்னு கேக்கறதுல வெக்கம் எதுவும் இல்ல.

டெஸ்டுக்கு முன்னாடி குடலை காலி பண்ண குடிக்கற பேதி மருந்து விஷயத்துலயும் ஒரு ஒப்பீடு இருக்கு, மொத்தத்தையும் முந்தின நாள் குடிக்கறதா, இல்ல பாதி முந்தின சாயங்காலம், மீதி டெஸ்டுக்கு நாலுல இருந்து ஆறு மணி நேரம் முன்னாடின்னு பிரிச்சு குடிக்கறதா. பிரிச்சு குடிக்கறதுதான் குடலை நல்லா சுத்தம் பண்ணும்னு தெளிவா தெரிஞ்ச விஷயம். காலைல டெஸ்ட்னா விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணுமேன்னு கஷ்டமா இருக்கும், ஆனா எனக்கு எப்படியும் முழிப்புத்தான், சும்மா கூரையைப் பார்த்து பயப்படறதுக்கு பதிலா கைல ஒரு வேலை இருந்தது மனசுக்கு நல்லா இருந்துச்சு. நல்லா ஜில்லுன்னு பண்ணி ஸ்ட்ரால குடிச்சா சுவை கம்மியா தெரியும், ஆசனவாய்ல முன்னாடியே வாசலின் தடவிக்கிட்டா எரிச்சல் குறையும். பசியும் தலைவலியும் பதட்டம் மாதிரியே நடிக்கும்ங்க, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சது பயத்தாலன்னு நினைச்சேன், அனுமதிச்ச தெளிவான திரவத்தை குடிச்சதும் பாதி அடங்கிடுச்சு. எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாம்னு உங்க இடத்துல குடுத்த நேரத்தை மட்டும் பின்பற்றுங்க.

பயத்தை கையாள்றதுல, எல்லாத்தையும் படிச்சு தெரிஞ்சுக்கறது ஒரு ரகம், எதுவும் சொல்லாதீங்கங்கறது ஒரு ரகம். நான் முதல் ரகம், ஆனா ராத்திரி தேடினதெல்லாம் நடந்த மோசமான கதைகளாத்தான் வந்துச்சு, நல்லபடியா முடிஞ்சவங்க யாரும் உக்காந்து எழுதறது இல்லையே. சும்மா பார்க்க மட்டும் பண்ற டெஸ்ட்ல குடல்ல ஓட்டை விழறது ஆயிரத்துல ஒருத்தருக்கும் குறைவு, பெரிய பாலிப் எடுத்தா கொஞ்சம் கூடும், இந்த ஒரு வரியை டாக்டர் வாயால கேட்டது பத்து ராத்திரி படிச்சதை விட உதவுச்சு. அதனால படிக்கறவங்க கேள்விகளை பேப்பர்ல எழுதி ஒரே ஒரு ஆள்கிட்ட, மனுஷங்ககிட்ட கேளுங்க. எதுவும் தெரிய வேண்டாம்னு இருக்கறவங்களும் "எனக்கு ரொம்ப பயம், என்ன பண்றீங்கன்னு விளக்க வேண்டாம், கைய மட்டும் பிடிச்சுக்கோங்க"ன்னு நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க. அக்கா அப்படித்தான் சொன்னா, தூங்கற வரைக்கும் பிடிச்சிருந்தாங்களாம்.

மூச்சுப் பயிற்சியா பாட்டான்னா, காத்திருக்கற நேரத்துக்கு பாட்டு, ஊசி குத்தற நிமிஷத்துக்கு மூச்சு. இழுக்கறதை விட விடறது நீளமா இருக்கணும், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டா போதும், அதை டெஸ்ட் அன்னிக்கு முதல் தடவையா பண்ணாம பத்து நாள் முன்னாடியே பழகிக்கோங்க.

இந்த டெஸ்டே வேண்டாம், வேற வழி இல்லையான்னு கேக்கறவங்களுக்கு, மலத்துல ரத்தம் பார்க்கற டெஸ்ட் இருக்கு, சிடி ஸ்கேன்ல குடலைப் பார்க்கறதும் இருக்கு. முதலாவதுக்கு பேதி மருந்தும் இல்ல மயக்கமும் இல்ல, அறிகுறி எதுவும் இல்லாம பரிசோதனைக்கு மட்டும் போறவங்களுக்கு அது நியாயமான ஆரம்பம். சிடிக்கு மயக்கம் தேவையில்ல, ஆனா வழக்கமா பேதி மருந்து உண்டு, குடலுக்குள்ள வாயுவும் விடுவாங்க. ரெண்டுலயும் ஏதாவது தெரிஞ்சா கடைசில கொலோனோஸ்கோபிக்கே வரணும், ஏன்னா பார்த்த இடத்துலயே பாலிப்பை எடுக்கறது இதுல மட்டும்தான் முடியும். ரத்தம் போகுது, காரணமில்லாம எடை குறையுதுன்னு அறிகுறியோட இருக்கறவங்க பயத்துக்காக இந்த வழிகளுக்கு தாவாதீங்க, தயவு செஞ்சு.

அப்புறம் முடிஞ்சதும். மயக்கம் எடுத்தா 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான எதுலயும் கையெழுத்து போடக் கூடாது, கூட ஒரு ஆள் வேணும். என்கிட்ட டாக்டர் ரிசல்ட்டை அஞ்சு நிமிஷம் நின்னு விளக்கினாராம், நான் தலையாட்டி ரெண்டு சந்தேகம் கூட கேட்டேனாம், எனக்கு ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல. பக்கத்துல அக்கா நின்னதால பிழைச்சேன், அவதான் போன்ல எல்லாத்தையும் குறிச்சு வெச்சிருந்தா: சின்னதா ரெண்டு பாலிப், எடுத்தாச்சு, லேபுக்கு போயிருக்கு.