நோட்டரி முத்திரை பிரஸ்: எட்டு மாதம் அழுத்திப் பார்த்தபின்

டர்பனில் சொந்தமாக நோட்டரி அலுவலகம் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. அலுவலகம் என்றால் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேலே ஒரே ஓர் அறை. மேசை, பிரின்டர், பூட்டு போட்ட இரும்பு அலமாரி எல்லாம் ஒரே வாரத்தில் வாங்கிவிட்டேன். முத்திரை பிரஸ், அதாவது மையில்லாமல் தாளில் எழுத்தைப் புடைக்க வைக்கும் கருவி, மட்டும் இரண்டு முறை வாங்க வேண்டி வந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தச் செலவு ஒரு முறையோடு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நோட்டரி ஆக முதலில் அட்டர்னியாக, அதாவது வழக்கறிஞராக, இருக்க வேண்டும். அதற்கு மேல் நோட்டரி தேர்வு தனி. அதில் தேறி, உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபின்தான் முத்திரை. கலிஃபோர்னியாவில் இருக்கும் என் சித்தி மகளுக்கு வழி வேறு. ஆறு மணி நேரப் பாடம், ஒரு தேர்வு, 15,000 டாலருக்கு ஒரு ஜாமீன் பத்திரம், இவைதான் முக்கியம். சட்டப் படிப்பு கேட்பதில்லை. வீட்டுக்கடன் பத்திரக் கட்டைக் காரில் வைத்துக்கொண்டு, கடன் வாங்குகிறவர் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்குகிறாள். இங்கே அதை வங்கியின் பட்டியலில் இருக்கும் அட்டர்னிகள் செய்கிறார்கள். என்னைப் போலத் தனியாக இருப்பவர்கள் அந்தப் பட்டியலில் ஏற நாளாகும்.

அஃபிடவிட் என்னும் சத்தியப் பத்திரத்தில் சத்தியம் வாங்கிக் கையெழுத்துப் போடுவதற்கு இங்கே காசு வாங்கக் கூடாது, விதியே அப்படி. பர்ஸைத் திறக்கும் ஆயாக்களிடம் "வேண்டாம் ஆயா, உள்ளே வையுங்கள்" என்று தினமும் சொல்கிறேன். எனக்கு வருமானம் இரண்டு வேலைகளில்தான். ஒன்று, கல்யாணத்துக்கு முன் மணமக்கள் நோட்டரி முன்னிலையில் போடும் சொத்து ஒப்பந்தம். கையெழுத்தான மூன்று மாதத்துக்குள் அதைப் பத்திர அலுவலகத்தில் பதிய வேண்டும். எங்கள் மாகாணத்துக்கு அது பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. இன்னொன்று வெளிநாடு போகும் பத்திரங்கள். இரண்டிலும் முத்திரை சரியாக விழவில்லை என்றால் அலைச்சல் என் வாடிக்கையாளருக்குத்தான்.

முதலில் இணையத்தில் 480 ராண்டுக்கு ஒன்று வாங்கினேன். இடுக்கி மாதிரிக் கையில் பிடித்து அழுத்துவது. ஒற்றைத் தாளில் அழகாகவே விழுந்தது. ஆனால் நோட்டரி பத்திரம் ஒற்றைத் தாளா? எல்லாத் தாளையும் அடுக்கி, துளையிட்டு, ரிப்பன் கோத்து முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் சிவப்பு வட்ட ஒட்டியை ஒட்டி, அதன் மேல் அழுத்துகிறோம். ஒட்டி, ரிப்பன், தாள் என்று மூன்று கனம் சேர்ந்ததும் அந்த இடுக்கி திணறிவிட்டது. இரண்டு கையாலும் அழுத்தினேன். என் பெயரில் பாதி எழுந்தது, பாதி படுத்துக்கொண்டது.

அந்த நிலையில்தான் ரிசர்வாயர் ஹில்ஸில் இருக்கும் ஒரு மாமாவுக்குப் பவர் பத்திரம் செய்து கொடுத்தேன். பாளையங்கோட்டையில் பூர்வீக வீடு, பாகப்பிரிவினைக்குத் தம்பிதான் அங்கே போய் நிற்க வேண்டும். மாமாவால் படி ஏற முடியாது. அதனால் நானே அவர் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கினேன். ஸ்கேன் செய்து அனுப்பியதும் தம்பி கூப்பிட்டார். "அம்மா, கையெழுத்து இருக்கு, முத்திரையைக் காணோமே?" பத்திரத்தை எடுத்துத் தடவிப் பார்த்தேன், விரலுக்குத் தெரிந்தது. ஸ்கேனில் வெறும் சிவப்பு வட்டம். மாமாவை மறுபடி உட்கார வைத்துப் புதிதாகச் செய்து கொடுத்தேன். 76 வயது மனிதரை இரண்டாவது முறை கையெழுத்துப் போட வைத்தது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

சித்தி மகளிடம் சொன்னேன். கலிஃபோர்னியாவில் நோட்டரி முத்திரை நகலெடுத்தால் தெரிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். அதனால் அங்கே மை முத்திரைதான் கட்டாயம், புடைப்பு முத்திரை வேண்டுமானால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரையும் குத்துகிறேன்.

அப்புறம் வாங்கியதுதான் இப்போது மேசையில் இருப்பது. டாக்டர் யூசுப் தாதூ தெருவில், பெரியவர்கள் இன்னும் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்லும் அந்தத் தெருவில், ஒரு சின்ன முத்திரைக் கடையில் சொல்லிச் செய்தது. வார்ப்பிரும்பு, மேலே நீளமான கைப்பிடி. அச்சோடு சேர்த்து 1,650 ராண்ட், நான்கு நாளில் கொடுத்தார்கள். பத்திரத்தை வாய்க்குள் நுழைத்துக் கைப்பிடியை இறக்கி, இரண்டு எண்ணும்வரை அப்படியே பிடிக்க வேண்டும். உடனே விட்டால் விளிம்பு எழுத்துகள் மங்கும். எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்தால் ரிப்பனின் நெசவுக்கு மேலேயும் என் பெயர் ஒடியாமல் ஓடுகிறது. ஒட்டி இதுவரை ஒரு முறைகூடக் கிழியவில்லை. ஸ்கேன் செய்வதற்கு முன் மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துப் புடைப்பின் மேல் லேசாக ஓட்டினால் நகலிலும் தெளிவாகத் தெரிகிறது.

குறைகளும் உண்டு. கிட்டத்தட்ட மூன்று கிலோ. வீடு தேடிப் போகும் நாளில் தோள் வலிக்கிறது. வாய் ஆழமில்லை, அதனால் முத்திரை தாளின் ஓரத்தில்தான் விழும். ரிப்பன் துளையையும் ஓரத்திலேயே போடப் பழகிக்கொண்டேன். மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடாவிட்டால் சுருள்கம்பி கிறீச்சிடும்.

மாமாவின் இரண்டாவது பத்திரத்தை இதில் அழுத்தித்தான் உயர் நீதிமன்றப் பதிவாளரிடம் அப்போஸ்டில், அதாவது பத்திரம் வெளிநாட்டில் செல்லுவதற்கான சான்று, வாங்கினோம். அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருப்பதால் தூதரகத்துக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லி வைத்தேன், கட்டிவிட்டார்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும்போது உங்கள் தாள், ரிப்பன், ஒட்டி மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கோத்து, அங்கேயே அழுத்திப் பாருங்கள். அச்சில் பெயரும் பதவியும் ஊரும் போதும். தெரு முகவரியைச் செதுக்கச் சொல்லாதீர்கள். வாடகை அறை மாறினால் அச்சையும் மாற்ற வேண்டி வரும்.