காரணம் நீலம், விளைவு மஞ்சள்: தேக்காவில் வாங்கிய தமிழ் அட்டைப் பெட்டி

தொடக்கநிலை 3இல் படிக்கும் மகளுக்காகச் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு கடையில் தமிழ்ப் பயிற்சி அட்டைகள் அடங்கிய இந்தப் பெட்டியை வாங்கினேன். நீல அட்டையில் காரணம், மஞ்சள் அட்டையில் விளைவு. இரண்டையும் இணைத்து ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். ‘மின்தூக்கி பழுதானது’, ‘தாத்தா படியேறி வந்தார்’ ஆகிய இரண்டையும் மாற்றிப் போட்டு, ‘தாத்தா படியேறி வந்ததால் மின்தூக்கி பழுதானது’ என்று வாசித்தாள். “பாவம், அவர் தலையில் ஏனம்மா பழியைப் போடுகிறாய்?” என்றார் என் மாமியார். வீடே சிரித்தது. அதன்பிறகு எது காரணம், எது விளைவு என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

‘அதனால்’ வந்தால் காரணம் முன்னே, ‘ஏனென்றால்’ வந்தால் விளைவு முன்னே. ஒரே இணையை இரு விதமாகவும் எழுதச் சொல்வது கெட்டிக்காரத்தனம். விடைத்தாள்தான் எரிச்சல். ‘பழுதானதால்’ மட்டும் சரியாம். ‘பழுதானது, ஆகவே’ என்பதற்கு இடமே இல்லை. ஏர், கமலை, களத்துமேடு என உழவுச் சொற்கள் வரும் அட்டைகளைப் பொங்கோல் நகரில் வளரும் பிள்ளைக்கு விளக்குவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. அவற்றை ஒதுக்கிவிட்டு, பேருந்து, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை என நாங்களே வெற்று அட்டைகளில் எழுதிக்கொண்டோம். பெட்டியின் விலையான 18 சிங்கப்பூர் வெள்ளி சற்று அதிகம்தான். ஆனாலும் அவளுடைய துணைப்பாட வகுப்பின் ஒரு மணி நேரக் கட்டணத்தைவிடக் குறைவு.