டொராண்டோவா, கால்கரியா, வின்னிபெக்கா? இரண்டாவது சம்பளத்தை வைத்து ஒரு கணக்கு

கனடா பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கைக்கு வந்ததும் வீட்டில் கிளம்பும் முதல் விவாதம், எந்த ஊரில் போய் இறங்குவது என்பதுதான். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் சித்தப்பா இருக்கிறார். கால்கரியில் கூடப் படித்தவன் வீடே வாங்கிவிட்டான். வின்னிபெக்கில் செலவு கம்மியாம். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லோரும் வாடகையையும் ஒருவருடைய சம்பளத்தையும் வைத்தே கணக்குப் போடுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: கணவன் மனைவி இருவரில், இரண்டாவது ஆள் எவ்வளவு சீக்கிரம் சம்பாதிக்க ஆரம்பிக்கலாம்? ஒரே சம்பளத்தில் குடும்பம் ஓட்டுவது இந்த மூன்று ஊர்களிலும் இழுபறிதான். கொண்டுபோன சேமிப்பு கரைவது எப்போது நிற்கும் என்பதை அந்த இரண்டாவது சம்பளம்தான் முடிவு செய்கிறது.

டொராண்டோ என்றால் நம் ஆட்களுக்கு ஸ்கார்பரோ, மிஞ்சினால் மார்க்கம். எண்பதுகளிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வந்து சேர்ந்து வேரூன்றிய பகுதி. வக்கீல், பல் டாக்டர், வரிக்கணக்கு பார்ப்பவர், கார் ஓட்டக் கற்றுத்தருபவர் எல்லோரும் தமிழிலேயே கிடைப்பார்கள். கார் ஓட்ட லைசென்ஸ் இல்லாவிட்டாலும், ஆங்கிலம் தடுமாறினாலும், கடையிலோ சமையற்கட்டிலோ வேர்ஹவுஸிலோ நுழைய இங்கேதான் வாய்ப்பு அதிகம். பஸ் வசதியும் பரவாயில்லை. பிரெஸ்டோ என்ற பயணக் கார்டை ஒருமுறை தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு, நகரப் போக்குவரத்துக் கழகமான டி.டி.சி.யின் பஸ், ரயில் எதில் வேண்டுமானாலும் மாறிப் போகலாம். ஆனால் ஸ்கார்பரோவுக்கென்று இருந்த 3-ஆம் லைன் ரயில், 2023 ஜூலையில் பெட்டி தடம் புரண்டதோடு மூடப்பட்டுவிட்டது. அந்தத் தடத்தில் கென்னடி ஸ்டேஷன் வரை பஸ்தான். டவுன்டவுனில் வேலை கிடைத்தால் இந்தப் பயண நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைதான் கழுத்தைப் பிடிக்கும். அதனால் முதல் வீடு பெரும்பாலும் பேஸ்மென்ட், அதாவது ஒரு வீட்டின் தரைக்குக் கீழே இருக்கிற தளம். பக்கவாட்டுக் கதவு, குறுகலான படி, கையைத் தூக்கினால் இடிக்கிற கூரை, 'துணி துவைப்பது சனி ஞாயிறு மட்டும்' என்று வீட்டுக்காரர் போடும் கண்டிஷன். அடுப்பையும் குளியலறையையும் பார்ப்பதற்கு முன்னால் படுக்கையறை ஜன்னலைப் பாருங்கள். தீப்பிடித்தால் அதன் வழியே ஓர் ஆள் வெளியேற முடியுமா? முடியாது என்றால் வேறு வீடு தேடுங்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டப்படி, குடியேறும்போது முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான் கேட்கலாம். ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், அது அவர் இஷ்டத்துக்குப் போட்ட சட்டம்.

ஸ்கார்பரோவில் நான் பயப்படுவது அதன் வசதியைப் பார்த்துத்தான். சுலபமாகக் கிடைத்த முதல் வேலையிலேயே வருடக்கணக்காக நின்றுவிட்டவர்கள் நிறைய. படித்த படிப்புக்கான கதவுகள் முன்பைவிட இப்போது கொஞ்சம் திறந்திருக்கின்றன. இன்ஜினியர் உரிமத்துக்கு 'கனடா அனுபவம்' வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோவின் இன்ஜினியர் அமைப்பு 2023 மே மாதம் நீக்கிவிட்டது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வேர்ஹவுஸில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருப்பது வீண்.

அடுத்து கால்கரி. 2022-இல் அந்த ஊர் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாண அரசு டொராண்டோ சுரங்க ரயிலிலேயே விளம்பரம் ஒட்டி ஆள் கூப்பிட்டது. அது காட்டிய ஆசை முழுக்கப் பொய்யில்லை. மாகாண விற்பனை வரி கிடையாது. ஆயிரம் டாலருக்குக் கட்டிலும் சோபாவும் வாங்கினால் ஒன்டாரியோவில் வரி 130, இங்கே 50. எண்ணெய், எரிவாயு, கட்டுமானம் தெரிந்த இன்ஜினியருக்கு இதுதான் ஊர். ஆனால் இந்த விளம்பரத்தைப் பார்த்து எத்தனையோ பேர் போய் இறங்கியதில் வாடகை ஏறிவிட்டது. 'கால்கரி சீப்' என்பது பழைய கதை. ஆல்பர்ட்டாவில் வாடகையை வருடத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், சரி. எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு உச்சவரம்பே இல்லை. ஒன்டாரியோவில் வரம்பு உண்டு, ஆனால் 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீடுகளுக்கு அது செல்லாது. அப்புறம், ஊர் பரந்து கிடக்கிறது. ஒரே கார் உள்ள வீட்டில் அதை எடுத்துக்கொண்டு ஒருவர் வேலைக்குப் போனால், மற்றவர் ரயில் ஸ்டேஷனுக்கே பஸ் பிடிக்க வேண்டும். இரண்டாவது சம்பளம் தள்ளிப்போவது இங்கேதான்.

வின்னிபெக் என்றதும் எல்லோரும் குளிரைச் சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதான். ஜனவரி சராசரியே மைனஸ் 16 டிகிரியை ஒட்டி இருக்கும், மைனஸ் 30-க்குக் கீழே போகும் நாட்களும் உண்டு. கார்களின் முன்பக்கத்தில் மூக்குக் கயிறு மாதிரி ஒரு ஒயர் தொங்கும். இரவில் அதைப் பிளக்கில் சொருகி இன்ஜினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாமல் படுத்துவிடும். ஐ.டி. வேலைக்கு அவ்வளவு சந்தை இல்லை. ஒரு கம்பெனி கைவிட்டால் அடுத்தது தேட நாளாகும்.

ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டுக்கு என் ஓட்டு வின்னிபெக்குக்குத்தான். காரணம் டே கேர். வின்னிபெக் இருக்கும் மானிடோபா மாகாணத்தில் அரசு நிதி பெறும் மையங்களில் 2023 ஏப்ரலிலிருந்து நாளுக்கு 10 டாலருக்கு மேல் கிடையாது. ஆல்பர்ட்டாவில் 2025 ஏப்ரலிலிருந்து முழுநேரத்துக்கு மாதம் 326.25 டாலர். ஒன்டாரியோவில் திட்டத்தில் சேர்ந்த மையங்களில் நாளுக்கு அதிகபட்சம் 22 டாலர். இடம் கிடைக்கக் காத்திருப்பது மூன்று ஊரிலும் உண்டு, அதனால் இறங்கிய வாரமே பெயரைப் பதிந்துவிடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மாவை சூப்பர் விசாவில் (பெற்றோருக்கான நீண்டகால விசா) வரவழைத்தால் ஒரே மூச்சில் ஐந்து வருடம் வரை தங்கலாம். ஆனால் அவருக்கு மருத்துவக் காப்பீடும் உங்களுக்கு வருமானமும் காட்ட வேண்டும், புதிதாக வந்தவருக்கு அது உடனே கைகூடாது. கார் இன்சூரன்ஸிலும் மானிடோபா ஆறுதல் தரும். அடிப்படைக் காப்பீட்டை அரசு நிறுவனமே நடத்துகிறது. ஒன்டாரியோவில் எல்லாம் தனியார்தான், புதிதாக வந்தவருக்குச் சொல்லும் தொகையைக் கேட்டால் காரே வேண்டாம் என்று தோன்றும்.

ஆக, இருவரும் ஐ.டி. அல்லது வங்கி என்றால் டொராண்டோ. எரிவாயுத் துறை இன்ஜினியரும் கார் ஓட்டத் தெரிந்த துணையும் என்றால் கால்கரி. நர்சிங் உதவியாளர், லாரி, வெல்டிங் என்று கைத்தொழில் வைத்திருப்பவருக்கும் சின்னக் குழந்தை உள்ளவருக்கும் வின்னிபெக். லைசென்ஸும் ஆங்கிலமும் இரண்டுமே இல்லையென்றால், குழந்தை இருந்தாலும் ஒரு வருடத்துக்கு ஸ்கார்பரோ. பி.ஆர். உள்ளவர் பிறகு வேறு மாகாணத்துக்கு மாறிக்கொள்ள உரிமை உண்டு. ஒரு மாகாணம் பரிந்துரை (நாமினேஷன்) கொடுத்து வரவழைத்திருந்தால் மட்டும் அங்கேயே போய் இறங்கி வாழ முயல்வதுதான் முறை.

எந்த ஊரானாலும், கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் லைசென்ஸ் விவரச் சான்று வாங்குங்கள். எத்தனை வருடம் ஓட்டிய அனுபவம் என்பதற்கு முறையான ஆதாரம் இருந்தால் ஒன்டாரியோவில் புதியவர் ரோடு டெஸ்டுக்குக் காத்திருக்க வேண்டிய காலத்தைக் குறைக்கலாம். பல வீடுகளில் இதைக் கணவருக்கு மட்டும் வாங்கிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். மனைவிக்கும் சேர்த்து வாங்குங்கள்.