தொட்டால் ஆடும் திரை: டச் லேப்டாப்போடு நான்கு வருடம்

போன வாரம்தான் லேப்டாப் சர்வீஸிலிருந்து வந்தது. சரியாக அதே நேரத்தில் ஒரு நண்பன் கேட்டான்: "டேய், நானும் டச் இருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கட்டுமா? இனிமே மவுஸ், கீபோர்டெல்லாம் யாருக்கு வேணும்?" வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். ஏன்டா என்றான். அந்த ஏனுக்குப் போனில் தட்டி விளக்கம் சொன்னால் விடிந்துவிடும் என்று கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

என்னுடையது முழுவதும் மடங்கித் திரும்பும் 360 டிகிரி வகை. பிராசசர், ரேம் கதையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. திரையைத் தொட்டால் ஆடுகிறது.

விரல் பட்டதும் லேசாகப் பின்னால் சாயும், திரும்ப முன்னால் வரும், இரண்டு மூன்று முறை அசைந்துவிட்டு நிற்கும். அதில் இருக்கும் எழுத்தும் கூடவே அசையும். ஒரு பட்டனை அழுத்திவிட்டு, அழுந்தியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். வாங்கிய முதல் மாதத்திலேயே என் கை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது: கட்டைவிரலை மூடியின் பின்பக்கம் முட்டுக் கொடுத்துவிட்டு ஆள்காட்டி விரலால் தொடுவது. இன்று மூடியின் பின்னால், வலது மேல்மூலையில், சொரசொரப்பெல்லாம் தேய்ந்து என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பளபளப்பு. விரல் ரேகை என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

நியாயமாகப் பார்த்தால் கீலைத் திட்டக் கூடாது. ஒரு கையால் மூடியைத் தூக்கினால் அடிப்பாகமும் கூடவே எழும்பாத அளவுக்கு அது இளக்கமாக இருக்க வேண்டும். விரலால் குத்தினால் அசையாத அளவுக்கு இறுக்கமாகவும் இருக்க வேண்டும். ஒரே கீலிடம் இரண்டையும் கேட்டால் அது என்ன செய்யும்? தப்பு திரை நிற்கும் இடத்தில். போன் கையில் படுத்திருக்கிறது, தொடுகிறோம். இது முகத்துக்கு நேரே நிமிர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் மேசையிலிருந்து கையைத் தூக்கி அந்தரத்தில் நீட்ட வேண்டும். மவுஸ் பிடிக்கும் கை மேசையில் ஓய்வாகக் கிடக்கிறது, விரல் மட்டும்தான் வேலை செய்கிறது. டச்சில் தோளிலிருந்து முழுக் கையும் வேலை செய்கிறது. பத்து நிமிடத்தில் தோள் கனக்கும். இதற்கு 'கொரில்லா கை' என்று பல வருடங்களுக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸும் இதைக் காரணம் காட்டித்தான் லேப்டாப்பில் தொடுதிரை சரிவராது என்றார். அப்போது எனக்கு அது சாக்குப்போக்காகத் தெரிந்தது.

டச் புதுசு, மவுஸ் பழசு என்ற பேச்சிலும் சரக்கில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயது. அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனையில் மரக்கட்டையால் செய்த முதல் மவுஸ் வந்தது 1964இல். விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி பிரிட்டிஷ் பொறியாளர் இ. ஏ. ஜான்சன் எழுதியது 1965இல். 1983இலேயே ஹெச்பி 150 என்று டச் கம்ப்யூட்டர் கடைக்கு வந்துவிட்டது. திரையைச் சுற்றிக் குட்டிக் குட்டி ஓட்டைகள், அவற்றுக்குள்ளிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை விரல் மறித்தால் தொட்டதாகக் கணக்கு. அந்த ஓட்டைகளில் தூசி அடைந்துகொண்டது தனிக்கதை. ஆக, அறுபது வருடமாகப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பவன் ஒன்றும் நேற்று வந்த வாரிசு இல்லை.

சரி, எக்செலுக்கு வருவோம். என் வேலையில் பாதி அங்கேதான். ஒரு கட்டத்தின் வலது கீழ்மூலையில் கடுகளவு சதுரம் ஒன்று இருக்குமே, அதைப் பிடித்து இழுத்தால் ஃபார்முலா கீழே வரை ஓடும். மவுஸ் அம்பு அதன்மேல் போனதும் கூட்டல் குறியாக மாறும். அமுக்குவதற்கு முன்பே 'சரியான இடத்தில்தான் இருக்கிறாய்' என்று அது சொல்லிவிடுகிறது. விரலுக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. மேலே மிதப்பது, அமுக்குவது என்று மவுஸுக்கு இரண்டு நிலை, விரலுக்குத் தொட்டது மட்டுமே. அதுவும் தொடும் இடத்தை விரலே மறைத்துக்கொள்கிறது. நாற்பது வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இழுத்தால் ஷீட்டே நகர்ந்து போய்விடும். வட்டமாக ஒரு பிடி வரும், அதைத்தான் பிடிக்க வேண்டும், அதைப் பிடிப்பதற்குள் திரை ஆடிவிடும். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட இதை நான் விரலால் ஒழுங்காகச் செய்து முடித்ததில்லை.

கீபோர்டு இன்னும் எளிது. எஃப், ஜே இரண்டு விசையிலும் சின்ன மேடு இருக்கிறது. அதைத் தடவியதும் பத்து விரலும் தம்தம் இடத்தில் உட்கார்ந்துவிடும், கண் திரையை விட்டு நகர வேண்டியதில்லை. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. அம்மா என்று அடிக்க ஒரே மகரத்தை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். அந்தத் தாளம் கண்ணாடியில் வராது. கண்ணாடியில் எல்லா இடமும் ஒரே வழவழப்பு. கையில் தட்டுப்பட ஏதாவது வேண்டும் என்பது என் ஒருவனின் பிடிவாதம் இல்லை. 2017இல் ஒரு போர்க்கப்பல் மோதலுக்குப் பிறகு, தன் டெஸ்ட்ராயர் வகைப் போர்க்கப்பல்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தொடுதிரைகளை எடுத்துவிட்டு மறுபடி கைப்பிடியே வைக்கப்போவதாக அமெரிக்கக் கடற்படை 2019இல் அறிவித்தது. டச்சையே நம்பி வந்த ஐபேடுக்கும் 2020இல் முறையாக மவுஸ் சேர்ந்தது. யார் யார் இடத்தைப் பிடிக்கிறார்கள் என்று நண்பனே சொல்லட்டும்.

இனி ரிப்பேர் கதை. இரண்டு மாதம் முன்பு பையில் எதனோடோ இடித்து, கண்ணாடியின் கீழ்மூலையில் முடிபோல ஒரு கீறல். படம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் யாருமே தொடாமல் திரை தன்னைத்தானே தொட்டுக்கொள்ள ஆரம்பித்தது. வீடியோ மீட்டிங் நடுவில் மெனு திறக்கிறது, மூடுகிறது, ஜூம் ஆகிறது. சர்வீஸில் இருந்தவர் விண்டோஸில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக அணைக்கும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டச்சை மட்டும் அணைத்தார். பேய் அடங்கியது. "இப்படியே ஓட்டலாம் சார், மாற்றுவதென்றால் கண்ணாடியும் பேனலும் ஒட்டிக் கிடக்கும், மொத்தமாகத்தான் மாற்றணும்" என்றார். சந்தோஷமாக எடுத்து வந்தேன்.

மறுநாள் காலையில் நீளமான ஒரு பிடிஎஃப். லேப்டாப்பைக் கூடாரம்போல் கவிழ்த்து வைத்து, பக்கத்தை விரலால் தள்ளினேன். நகரவில்லை. கவிழ்த்து வைத்தால் கீபோர்டும் செயல்படாது, டச்பேடும் கிடையாது. அப்போதுதான் உறைத்தது, கூடாரமாக வைத்தால் திரை ஆடுவதே இல்லை, இரண்டு பக்கமும் மேசையில் ஊன்றி நிற்கும். படிப்பது, விரலால் மெதுவாகத் தள்ளுவது, ஒரு வரைபடத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்ப்பது, பேனாவால் கையெழுத்துப் போடுவது, இதெல்லாம் இந்த நான்கு வருடமும் டச்சில்தான் நடந்திருக்கிறது. எரிச்சலை எண்ணிய அளவுக்கு இவற்றை நான் எண்ணவில்லை. அந்த ஒரு வாரத்தில் செத்த கண்ணாடியை எத்தனை முறை தடவியிருப்பேனோ தெரியாது. எட்டாம் நாள் மொத்தப் பேனலையும் மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், டச்சோடு.

நண்பனுக்குச் சொன்ன 'வேண்டாம்' இன்னும் வேண்டாம்தான். அவனுக்கு நாள் முழுக்க எக்செல், அதோடு கையெழுத்துப் போட ஒன்றும் இல்லை. நல்ல கீபோர்டு உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும், மிச்சப் பணத்தில் ஒரு மவுஸ். புதுப் பேனலும், சொல்லவே வேண்டாம், அதே மாதிரி ஆடுகிறது.