எக்ஸ்சேஞ்சில் போன பழைய ஸ்பீக்கர்: குன்னூர்க்காரர்கள் ஏமாந்த விதமும், வாங்கும் முன் பார்க்க வேண்டியவையும்

குன்னூரில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, இருபத்தைந்து வருடமாக வைத்திருந்த ஸ்பீக்கர் ஜோடியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, 1,35,000 ரூபாய்க்குப் புது டவர் ஸ்பீக்கர் (தரையில் நிற்கும் உயரமான பெட்டி) வாங்கினார்கள். பழையதற்குக் கழித்த தொகை 3,000. அடுத்த இரண்டு மாதத்தில் ஆம்ப்ளிஃபயருக்கு 48,000, ஒயருக்கு 6,500. இவ்வளவு கொட்டிய பிறகும் பாட்டு பழைய பெட்டியில் கேட்ட மாதிரி இல்லை. கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே சொல்லப்பட்ட ஒவ்வொரு காரணமும் எந்தக் கடையிலும் சொல்லப்படக்கூடியது என்பதால்தான் இந்தப் பதிவு.

முதலில் பழைய பெட்டி. 8 இஞ்ச் ஊஃபர் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்), பேப்பர் கோன், ஓரத்தில் கோனைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஃபோம் வளையமான சரவுண்டு. "கரகர"வென்று சத்தம் வந்ததும் கடைப்பையன் வந்து பார்த்து, "காயில் போச்சு சார், இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வராது" என்று சொல்லிவிட்டான். கிரில்லைக் கழற்றி சரவுண்டை விரலால் தொட்டிருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். பாலியூரித்தேன் ஃபோம் ஈரக்காற்றில் தானாகவே சிதையும். எந்த ஊரிலும் பெரும்பாலும் பத்து இருபது வருடம்தான் அதன் ஆயுள். மாதக்கணக்கில் மஞ்சு இறங்கும் நீலகிரியில் அது இன்னும் குறையலாம். தொட்டால் கறுப்புப் பிசினாக விரலில் ஒட்டும், இல்லாவிட்டால் பழைய கேக் மாதிரி உதிரும். சரவுண்டு கிழிந்தால் கோன் நடுவில் நிற்காமல் சாய்ந்து, அதன் பின்னால் உள்ள கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் காந்த இடுக்கில் உரசும். அந்தக் கரகரப்பு அதுதான். காயில் நன்றாகவே இருந்திருக்கலாம். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து டெர்மினலில் பிடித்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6-லிருந்து 7 வரை காட்டும், 4 ஓம் என்றால் 3, 3.5. அப்படிக் காட்டினால் ஊஃபர் காயிலுக்கு உயிர் இருக்கிறது. அளவே காட்டாமல் இருந்தால்தான் அறுந்துபோனது.

சரவுண்டு மாற்ற இரண்டுக்கும் சேர்த்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் ரிங் கிடைக்கும். "8 இஞ்ச்" என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. கோனின் வெளிவிட்டம், ரிங் உட்காரும் ஃபிரேம் விட்டம், இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து சொல்ல வேண்டும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகச் சுரண்ட வேண்டும். பிளாஸ்டிக் கோனுக்குப் பக்கத்தில் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள். பேப்பர் கோனுக்கு வெள்ளைப் பசை போதும், பாலிப்ரொப்பிலீன் கோனில் அது பிடிக்காது, ஸ்பீக்கருக்கென்று விற்கும் ரப்பர் பசை வேண்டும். முதலில் கோனில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு ஃபிரேமில் ஒட்டும்போது இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக அழுத்தி எடுத்துப் பார்த்து, உரசல் இல்லாத இடத்தில் நிறுத்த வேண்டும். கீழே சமவெளியில் ஒரு நாளில் காய்கிற பசைக்கு இங்கே ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் கொடுங்கள். அவசரப்பட்டுப் பாட்டைப் போட்டால் கோன் நகர்ந்து மறுபடியும் உரசும்.

பழைய பெட்டியில் மேல் சுருதி மங்கியிருந்தால் அடுத்த சந்தேகம் கிராஸ் ஓவரில் (பேஸையும் மேல் சுருதியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) இருக்கும் நான்-போலார் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர். அது உலர்ந்து போனால், மேல் சுருதி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போகும் சத்தம் குறையும். மேலே 4.7 மைக்ரோஃபாரட் என்று இருந்தால் அதே 4.7-ல் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கப்பாசிட்டர் வாங்கிப் போடுங்கள். வோல்ட் கூடலாம், மைக்ரோஃபாரட் மாறக் கூடாது. ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

இந்தத் தம்பதியின் பழைய பெட்டிகள் ஒரு மாதம் கழித்துப் புது ஃபோம் ரிங்கோடு அதே கடையில் 16,000 ரூபாய் விலைச்சீட்டுடன் நின்றன.

இனிப் புதியதை விற்ற விதம். "சார், இது மலை. காத்து லேசு. சின்னப் பெட்டியெல்லாம் இங்க எடுக்காது, டவர் போட்டாதான் பேஸ் வரும்" என்றார்கள். பாதி உண்மை என்பதால்தான் இந்தப் பேச்சு ஆளை விழுங்குகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒரே கோன் அசைவுக்குச் சத்தம் சுமார் 2 டெசிபல் குறையும். குன்னூர் அதைவிடத் தாழ்வு, அங்கே இன்னும் கொஞ்சம் குறைவாகவே இழப்பு. வால்யூமைச் சற்றுத் திருப்பினால் தீர்ந்தது. டவருக்கும் அதே இழப்பு உண்டு என்பதை மட்டும் கடையில் சொல்லவில்லை.

அடுத்தது டெமோ. கடையில் சின்னப் பெட்டியையும் டவரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். சத்த அளவைச் சமப்படுத்தவில்லை. 1 டெசிபல் கூடினாலே காது அதைச் "சத்தம் அதிகம்" என்று உணராது, "தெளிவு அதிகம்" என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே செல்போனில் சவுண்ட் மீட்டர் ஆப் போட்டு, பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே எண் வரும்படி வைக்கச் சொல்லுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஒப்பிடுவதற்கு அது போதும். முடிந்தால் முன்னால் ஒரு மெல்லிய துணித்திரை போடச் சொல்லுங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஒலி ஆராய்ச்சியாளர் ஃபிளாய்ட் டூல் பல வருடம் இப்படித்தான் மறைத்துவைத்துக் கேட்கவைத்தார். 1994-ல் ஷான் ஆலிவும் அவரும் வெளியிட்ட சோதனையில், பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண்ணை ஏற்றினார்கள், சின்ன மலிவு செட்டுக்கு இறக்கினார்கள். திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கேட்பவர்கள் விரும்பியது, எல்லாச் சுருதியும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் வருகிற, பக்கவாட்டிலும் அதே சீரோடு பரவுகிற ஸ்பீக்கரை. விலை அதற்கு உத்தரவாதம் இல்லை.

விலை கூடியதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நல்ல கம்பெனியின் புது வடிவமைப்பில் பக்கவாட்டுச் சத்தம் சீராக இருக்கும், பெட்டி அதிராது, டவர் என்றால் பேஸ் இன்னும் கீழே இறங்கும். ஆனால் 12-க்கு 14 அடி அறையில் அந்தக் கீழ் பேஸை அறைதான் தீர்மானிக்கிறது. அந்த நீள அகலத்துக்கு ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸிலும் 47 ஹெர்ட்ஸிலும் அறையே முழங்கும். மூலையில் டவரை ஒட்டி வைத்தால் "கும்" என்று ஒரே சுரம் மட்டும் நிற்கும். சோபாவை அறையின் நட்டநடுவில் போட்டால் அதே சுரம் காணாமல் போகும். சோபாவை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நகர்த்திப் பாருங்கள், காசே இல்லாமல் மாற்றம் தெரியும். பழைய பங்களாக்களின் மரத்தளத்தில் பெட்டியை நேராக வைத்தால் தளமும் சேர்ந்து அதிரும். அடியில் ஒரு கடப்பா கல், கல்லுக்கு அடியில் ரப்பர் ஷீட், அவ்வளவு போதும். அந்த அளவு அறைக்கு என் கணிப்பில் ஆறரை இஞ்ச் ஊஃபர் உள்ள, ஸ்டாண்டிலோ அலமாரியிலோ வைக்கும் நல்ல புக்‌ஷெல்ஃப் ஜோடிக்கு மேல் போகும் பணம் பெரும்பாலும் மரப்பூச்சுக்கும் பெட்டியின் எடைக்கும்தான் போகிறது.

வீட்டுக்கு வந்த டவரில் பேஸே இல்லை. பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறியது. கடைக்குப் போன் செய்தால், "அங்கிள், 200 மணி நேரம் ஓடணும், பர்ன்-இன் ஆனா சரியாயிடும்." புது ஸ்பீக்கரின் சஸ்பென்ஷன் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் இளகும், அது உண்மை. 200 மணி நேரம் காத்திருந்து பேஸ் முளைப்பது இல்லை. தினம் மூன்று மணி நேரம் கேட்டால் 200 மணிக்கு இரண்டு மாதம் ஆகும், பில்லில் போட்டிருந்த ரிட்டர்ன் கெடு 7 நாள். கெடு தாண்டும்வரை வாடிக்கையாளரைக் காத்திருக்க வைப்பதற்கே அந்தச் சொல் பயன்பட்டது.

உண்மைக் கோளாறு, ஒரு பெட்டிக்கு ஒயர் தலைகீழாக மாட்டியிருந்தது. ஒரு கோன் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பென்சில் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதன் பின்பக்கத்திலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். ஆம்ப்ளிஃபயரின் பிளஸ்ஸில் மாட்டியிருந்த ஒயரைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும், மைனஸில் இருந்ததை மைனஸிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். இன்னொருவர் ஊஃபரைப் பார்க்கட்டும். இரண்டு பெட்டியிலும் கோன் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் ஒரு பக்க ஒயரை மாற்றி மாட்டுங்கள். வேலை முடிந்தது.

இது தெரியாததால் பேஸுக்காக வால்யூமைத் திருகினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர் 30 வாட். டவரின் அட்டையில் 87 டெசிபல் என்று போட்டிருந்தது, 2.83 வோல்ட் கொடுத்தால் வரும் சத்தம் அது. 8 ஓம் பெட்டிக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட்; இந்த டவர் 4 ஓம் என்பதால் அது 2 வாட். அதாவது 1 வாட்டுக்கு 84 டெசிபல்தான். பழைய பெட்டி 90. இந்த 6 டெசிபல் வித்தியாசத்தை ஈடுகட்ட நான்கு மடங்கு வாட் வேண்டும். 30 வாட் ஆம்ப்ளிஃபயர் எல்லை தாண்டி கிளிப் ஆனது (அலையின் உச்சி வெட்டுப்பட்டது), ஒரு ட்வீட்டர் எரிந்தது. "எரிஞ்சதுக்கு வாரன்ட்டி கிடையாது, ஆம்ப் மாத்துங்க" என்று 48,000-ஐ விற்றார்கள். பெட்டி வாங்கும்போதே ஓம், டெசிபல், இருக்கிற ஆம்ப்ளிஃபயரின் ஆர்.எம்.எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய வாட்), மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். விளம்பரத்துக்காக பி.எம்.பி.ஓ (உச்ச வாட்) என்று போட்ட ஆயிரக்கணக்கான வாட்டுக்கு அர்த்தமே இல்லை.

6,500 ரூபாய் ஒயரைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அசல் செம்பில் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 5 மீட்டருக்குப் போய்வர 0.12 ஓம்தான். எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பதே போதும்.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஒயர்லெஸ் ஸ்பீக்கர், சவுண்ட்பார் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இடியும் கரண்ட் ஏற்ற இறக்கமும் உள்ள ஊரில் போர்டு போனால் முழுப் பெட்டியும் போனது. சோனோஸ் கம்பெனி 2020 மே மாதத்தோடு முதல் தலைமுறை பிளே:5 போன்ற பழைய மாடல்களுக்குப் புது சாஃப்ட்வேர் தருவதை நிறுத்தியது. இருபத்தைந்து வருடம் ஓடிய ஒயர் பெட்டிக்கு அந்தக் கவலை இருந்ததில்லை.

இதே நிலையில் யாராவது இருந்தால் பில், சீரியல் நம்பர், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். "பர்ன்-இன் ஆகட்டும்" என்று போனில் சொன்னால், அதையே எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், 7 நாளுக்குள் கோளாறைக் குறிப்பிட்டு மெயிலும் போடுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு இரண்டு வருடம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.