பிள்ளைக்கு ‘மயில்’ போதும்: வீட்டு லினக்ஸில் எளிய பாஸ்வேர்டு

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எண்ணும் குறியும் கலந்த எட்டு எழுத்து பாஸ்வேர்டு வைத்தால், மறுநாளே அது மானிட்டர் ஓரத்தில் சீட்டாக ஒட்டியிருக்கும். ‘மயில்’ என்று ஆங்கிலத்தில் ஐந்து சின்ன எழுத்து போதும். ஆனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் செட்டிங்ஸ் ஜன்னல் அதை ஏற்காது. பலவீனம் என்று பொத்தானையே மங்கலாக்கிவிடும்.

கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் ஜன்னல் ஏற்கும். நிர்வாகி கணக்கில் ‘சூடோ’ (கணினியின் தலைமைக் கணக்கான ரூட்டின் அதிகாரத்தைத் தரும் சொல்), ‘பாஸ்வேர்டு’, பிள்ளையின் பயனர்பெயர் என்று வரிசையாக அடிக்க வேண்டும். நடுவில் உள்ள சொல்லில் ஓ, ஆர் இரண்டு எழுத்தும் வராது. பயனர்பெயரை மட்டும் மறந்துவிடக் கூடாது. மறந்தால் மாறுவது ரூட்டின் பாஸ்வேர்டு. முதலில் கேட்பது உங்கள் பாஸ்வேர்டு, அடுத்த இரண்டு முறை பிள்ளையுடையது. பிள்ளையுடையதை அடிக்கும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாது. இடையில் ‘மோசமான பாஸ்வேர்டு, எட்டு எழுத்துக்குக் குறைவு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். பலரும் இங்கேதான் பயந்து வெளியேறுகிறார்கள். ரூட்டுக்கு அது வெறும் எச்சரிக்கை. மறுபடி அடித்தால் பதிவாகிவிடும். பிள்ளை தன் கணக்கில் இருந்து மாற்றப் பார்த்தால்தான் மறுப்பு. இதற்காகப் பாஸ்வேர்டு விதிகள் இருக்கும் பாம் கோப்புகளைத் திருத்தத் தேவையே இல்லை. திருத்தினால் வீட்டில் எல்லாருக்கும் விதி தளர்ந்துவிடும்.

மாதக்கணக்கில் பயன்படுத்தும்போது தொல்லை தருவது கீரிங், அதாவது சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டகம். பழைய பாஸ்வேர்டை ரூட் அறியாது, அதனால் கீரிங்கின் பூட்டு மாறாமல் நிற்கும். குரோமைத் திறந்தாலே ‘லாகின் கீரிங் திறக்கவில்லை’ என்று பெட்டி எழும். பிள்ளையின் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘டாட் லோக்கல்’, அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘கீரிங்ஸ்’ கோப்புறை. அங்குள்ள லாகின் கோப்பை அழித்துவிட்டு மறுபடி லாகின் செய்தால் புதிது உருவாகும். சேமித்த பாஸ்வேர்டுகள் போய்விடும், பிள்ளைக்குப் பெரிய நஷ்டமில்லை. முதல் லாகினுக்கு முன்பே எளிய பாஸ்வேர்டை வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

வெறும் எண் வைத்தால் இன்னொரு வம்பு: லாகின் திரையில் நம்லாக் அணைந்திருந்தால் வலப்பக்க எண்கள் விழாது. லினக்ஸின் இன்னொரு வகையான மின்ட்டில் நம்லாக்எக்ஸ் என்ற நிரலை நிறுவி, லாகின் ஜன்னல் அமைப்பில் அதை இயக்கலாம்.

இத்தனை தளர்வும் ஸ்டாண்டர்டு கணக்குக்கு மட்டும்தான். சூடோ பயன்படுத்தும் உரிமையுள்ள சூடோ குழுவில் பிள்ளை இருந்தால் ‘மயில்’தான் முழுக் கணினிக்கும் சாவி. வேறு கணினியிலிருந்து நுழைய வழிவிடும் எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடினால் அதன் அமைப்பில் ‘டினை யூசர்ஸ்’ வரியில் பிள்ளையின் பெயரைச் சேர்த்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.